உழவர் உதவித்தொகை தடையின்றிக் கிடைக்க...

சொந்தமாகச் சாகுபடி நிலம் உடைய உழவர் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் ரூ.6,000 வழங்கும் பிரதம மந்திரி கிசான் திட்டம் 24.2.2019 அன்று தொடங்கப்பெற்றது. ஏப்ரல்-ஜூலை, ஆகஸ்ட்-நவம்பர், டிசம்பர்-மார்ச் ஆகிய மூன்று காலங்களில் தவணைக்கு ரூ.2,000 வீதம் இத்தொகை வங்கிக் கணக்கில் நேரடியாகச் சேர்க்கப்படுகிறது. அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கும் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கும் தொகை ஒன்றே. ஆகவே தவணை தவறினால் சிறு விவசாயிக்கே பாதிப்பு அதிகம்.

யார் பெறலாம்?

கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் சேர்ந்ததே ஒரு குடும்பம். கணவன், மனைவி இருவர் பெயரிலும் பட்டா இருந்தாலும் ஒருவரே பெறலாம். கூட்டுப் பட்டாவில் உள்ள தகுதியுள்ள குடும்பங்கள் தனித்தனியே பெறலாம். 1.2.2019-க்குப் பின் விலைக்கு வாங்கிய நிலத்தைக் கொண்டு உரிமை கோர இயலாது. வாரிசு முறையில் வந்த நிலத்திற்கு இத்தடை இல்லை. குத்தகை நிலத்தை மட்டும் உழுபவர்களுக்கு இத்திட்டத்தில் இடமில்லை.

வருமான வரி செலுத்துவோர், ரூ.10,000-க்குக் குறையாமல் மாத ஓய்வூதியம் பெறுவோர், கடைநிலை ஊழியர் நீங்கலான அரசு ஊழியர் ஆகியோருக்கும் உதவித்தொகை கிடையாது.

தவணை நின்றுபோவது ஏன்?

1. பட்டா: தகப்பனார் காலமான பிறகும் பட்டா அவர் பெயரிலேயே இருந்தால் மகன் உதவித்தொகை பெற இயலாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றுடன் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு உடனே விண்ணப்பிக்கவும்.

2. வங்கிக் கணக்கு: பணம் தாங்கள் நினைக்கும் வங்கிக்குச் செல்வதில்லை, கடைசியாக எந்தக் கணக்குடன் ஆதார் இணைக்கப்பட்டதோ அதற்கே செல்லும். பழைய பாஸ்புத்தகத்தில் வரவு இல்லையெனில் மற்ற கணக்குகளையும் பார்க்கவும்.

3. மின்னணுச் சரிபார்ப்பு: கைப்பேசிக்கு வரும் கடவு எண், கைரேகை, முகப்பதிவு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் மூலம் இதனை முடித்திருக்க வேண்டும். உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகை பதியாவிடில் முகப்பதிவு முறையைக் கேட்டுப் பெறலாம்.

4. பெயர் வேறுபாடு: சிட்டா, ஆதார், பாஸ்புத்தகம் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும்.

எச்சரிக்கை

2020-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது கண்டறியப்பட்டு, தொகை திரும்ப வசூலிக்கப்பட்டது. இடைத்தரகரிடம் ஆதார் எண்ணைக் கொடுத்து ஏமாந்து, பின்னர் பணத்தைத் திருப்பிச் செலுத்தும் நிலைக்கு ஆளாகாதீர்கள். கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணை எவரிடமும் கூறலாகாது.

ஐயங்களுக்கு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகலாம். 155261 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம்.

தவணை வரும் நாள் முன்கூட்டி உறுதியாகத் தெரியாது. எனவே அதனை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். வந்த தொகையைப் பயிருக்கே பயன்படுத்துங்கள். ஆகஸ்ட்-நவம்பர் தவணையைக் கொண்டு சம்பா நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் வாங்கி, நடவுக்கு முன் மணலுடன் கலந்து தூவினால், அத்தொகை அறுவடையில் விளைச்சலாகத் திரும்பி வரும்.