எதிர்க்கடைக்காரர் கற்றுக்கொண்ட டாக்கோ

டாக்கோ பெல்லைத் தெரிந்த பலருக்கு மிட்லா கஃபேயைத் தெரியாது. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில், பழைய ரூட் 66 சாலையில் இருக்கிற குடும்ப ஓட்டல் இது. லூசியா ரோட்ரிகஸ் 1937-ல் ஆரம்பித்தது. இன்னமும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

அங்கே போனால் முதலில் கேட்க வேண்டியது மொறுமொறு டாக்கோ. சோள டார்ட்டியாவை மடித்து எண்ணெயில் பொரித்தது. உள்ளே கொத்திய மாட்டுக்கறி, லெட்யூஸ், தக்காளி, துருவிய செடார் சீஸ். ‘செடார் போட்டா அது மெக்சிகோ சாப்பாடா?’ன்னு சிலர் கேட்பாங்க. குடிவந்தவங்க போன ஊர்ல கிடைச்சதை வெச்சு சமைச்சாங்க. அதுவும் அவங்க சாப்பாடுதானே!

1950-களின் தொடக்கத்தில் எதிரே ஹாம்பர்கர் கடை வைத்திருந்தவர் கிளென் பெல். மிட்லாவின் கூட்டத்தைப் பார்த்தார், போய்ச் சாப்பிட்டார், செய்முறையைக் கற்றுக்கொண்டார். ஒவ்வொன்றாகப் பொரித்தால் நேரமாகுமே என்று, பல ஓடுகளை ஒரே நேரத்தில் பொரிக்க ஒரு கம்பிக்கூடை செய்யச் சொன்னார். வேக உணவுக்கு வழி அதுதான். 1962-ல் டவுனியில் முதல் டாக்கோ பெல் திறந்தது.

மிட்லாவுக்கு இன்னொரு கதையும் உண்டு. நகராட்சி நீச்சல் குளத்தில் மெக்சிகர்களை விடாத காலத்தில், அதை எதிர்த்தவர்கள் கூடிப் பேசிய இடம் இது. 1944-ல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அந்தப் பக்கம் போனால் பார்சல் வாங்காதீங்க, உள்ளே உட்கார்ந்தே சாப்பிடுங்க.