பழிவாங்கும் துப்பறிவாளரும் சட்டமும்: ‘செவன்’ திரைப்படத்தின் இறுதிக் கொலையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குற்றவாளியைத் தேடும் துப்பறிவாளரே கொலை செய்யும்போது புனைவு பெரும்பாலும் அவ்விடத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் நிகழ வேண்டிய வழக்கு கதைக்கு வெளியே நிற்கிறது. டேவிட் ஃபின்ச்சர் இயக்கி 1995இல் வெளிவந்த ‘செவன்’ திரைப்படத்தின் இறுதிக் கொலையை அமெரிக்கக் குற்றவியல் சட்டத்தின் அடிப்படையில் ஆராய்ந்து, பழிவாங்கும் காவலர் எதிர்கொள்ளக்கூடிய சட்ட விளைவுகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: துப்பறியும் புனைவு, பழிவாங்கல், ஆத்திரமூட்டல், கொலையாகாத மனிதக்கொலை, காவலில் மரணம்.

முன்னுரை

அகதா கிறிஸ்டியின் ‘கர்ட்டன்’ (1975) புதினத்தில் துப்பறிவாளர் புவாரோ ஒருவனைக் கொன்றபின் தாமும் இறந்துவிடுகிறார். எனவே அவரை விசாரிக்க நீதிமன்றம் தேவைப்படவில்லை. ‘செவன்’ அவ்வாறு முடிவதில்லை. துப்பறிவாளர் டேவிட் மில்ஸ் உயிருடன் காவல் வாகனத்தில் ஏற்றிச் செல்லப்படுகிறார். அவருக்கு என்ன தண்டனை என்பதைப் படம் கூறவில்லை. கதை நிகழும் நகரின் பெயரும் படத்தில் இல்லை. ஆயினும் இறுதிக் காட்சி கலிஃபோர்னியாவில் படமாக்கப்பட்டது என்பதால், அம்மாநிலச் சட்டம் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

கொலையின் சூழல்

ஏழு பாவங்களை அடிப்படையாகக் கொண்டு கொலைகள் புரிந்த ஜான் டோ தாமாகவே காவல் நிலையத்தில் சரணடைகிறான். எஞ்சிய உடல்களைக் காட்டுவதாகக் கூறி மில்ஸையும் மூத்த துப்பறிவாளர் சாமர்செட்டையும் ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறான். அங்கே ஒரு பெட்டி வந்து சேர்கிறது. மில்ஸின் மனைவியைத் தான் கொன்றதையும் அவள் கருவுற்றிருந்ததையும் டோ அறிவிக்கிறான். விலங்கிடப்பட்டு மண்டியிட்டிருக்கும் அவனைச் சுட வேண்டாமெனச் சாமர்செட் மன்றாடியும், சற்றுத் தயங்கிய பின் மில்ஸ் சுடுகிறார்.

கைவிடப்பட வேண்டிய வாதங்கள்

தற்காப்பு என்னும் வாதம் இங்கு எழவே முடியாது. டோவால் அந்நேரத்தில் எவருக்கும் உடனடி ஆபத்து இல்லை. தப்பியோடும் குற்றவாளியைச் சுடுவதற்கே உச்ச நீதிமன்றம் டென்னசி எதிர் கார்னர் வழக்கில் (1985) கடும் வரம்பு விதித்துள்ளது. விலங்கிடப்பட்டவர் தப்பியோடுபவரும் அல்லர். தன்னைக் கொல்ல வேண்டுமென டோவே விரும்பினான் என்பதும் பயன்தராது. கொல்லப்பட்டவரின் இசைவு கொலைக்கு எதிர்வாதம் ஆகாது. மனநிலை பிறழ்வு வாதமும் வலுவற்றது. தம் செயலின் தன்மையையும் அது தவறு என்பதையும் மில்ஸ் அறிந்திருந்தார் என்பதற்கு அவரது தயக்கமே சான்றாகும்.

கொலையா, கொலையாகாத மனிதக்கொலையா?

ஆகவே வழக்கின் மையம் குற்றத்தின் இருப்பு அன்று, அதன் தரமே ஆகும். கலிஃபோர்னியச் சட்டத்தில் முதல்நிலைக் கொலைக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரையும், இரண்டாம்நிலைக் கொலைக்கு 15 ஆண்டு முதல் ஆயுள் வரையும் சிறைத்தண்டனை உண்டு. கடும் உணர்ச்சி வேகத்தில் நிகழும் கொலையாகாத மனிதக்கொலைக்கு 3, 6 அல்லது 11 ஆண்டுகள். துப்பாக்கியைப் பயன்படுத்தியமைக்கான கூடுதல் தண்டனை தனியே சேரக்கூடும்.

முதல்நிலைக் கொலைக்கு முன்திட்டமும் ஆழ்ந்த சிந்தனையும் வேண்டும். திட்டமிடல், நோக்கம், கொன்ற முறை ஆகிய மூவகைச் சான்றுகளை மக்கள் எதிர் ஆண்டர்சன் வழக்கு (1968) சுட்டுகிறது. மில்ஸிடம் நோக்கம் வலுவாக உண்டு, திட்டமிடல் இல்லை. திட்டமிட்டவன் டோ மட்டுமே. எனினும் சாமர்செட்டின் எச்சரிக்கையைக் கேட்டபின்பும் சுட்டார் என்பதை அரசுத் தரப்பு சிந்தித்து முடிவெடுத்ததற்கான சான்றாகக் காட்டும். அதே தயக்கத்தை எதிர்த்தரப்பு, அறிவுக்கும் சினத்துக்கும் இடையிலான போராட்டம் என விளக்கும்.

ஆத்திரமூட்டல் வாதத்தில் இரு தடைகள் உள்ளன. முதலாவது, வெறும் சொற்கள் போதிய ஆத்திரமூட்டல் ஆகா என்னும் பழைய விதி. மேரிலாந்தின் ஜிரார்ட் வழக்கு (1991) இதனை உறுதிப்படுத்தியது. ஆனால் கலிஃபோர்னியாவில் சொற்களும் போதுமானவையாகலாம் என்பதை வேலன்டைன் வழக்கு (1946) ஏற்றது. மேலும் டோவின் சொற்கள் வசை அல்ல. நிகழ்ந்துவிட்ட ஒரு கொடுஞ்செயலின் அறிவிப்பு. நெருங்கிய உறவினருக்கு இழைக்கப்படும் கொடுமையைப் பொதுச்சட்ட மரபு போதிய ஆத்திரமூட்டலாகவே கருதி வந்துள்ளது. இரண்டாவது, சினம் தணியும் காலம். செய்தியை அறிவதற்கும் சுடுவதற்கும் இடையே சில கணங்களே கழிகின்றன. ஆதலின் இத்தடை மில்ஸுக்குப் பெரிதன்று.

சராசரி மனிதர் கொலை செய்திருப்பாரா என்பது வினா அன்று; சிந்தனையின்றி உணர்ச்சிவயப்பட்டுச் செயல்பட்டிருப்பாரா என்பதே வினா எனப் பெல்ட்ரான் வழக்கில் (2013) கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இவ்வளவுகோல் மில்ஸுக்குச் சாதகமானது.

மெய்ப்பிக்கும் பொறுப்பு

உணர்ச்சி வேகம் என்னும் வாதம் எழுந்தால் அதனை ஐயத்துக்கு இடமின்றி மறுக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கே உரியது என முல்லேனி எதிர் வில்பர் (1975) தீர்ப்பு கூறியது. தீவிர உணர்ச்சிக் குலைவை எதிர்வாதமாக வரையறுக்கும் மாநிலங்கள் அப்பொறுப்பைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீது சுமத்தலாம் எனப் பேட்டர்சன் எதிர் நியூயார்க் (1977) அனுமதித்தது. எனவே ஒரே செயல் நிகழும் மாநிலத்தைப் பொறுத்து வெவ்வேறு முடிவைப் பெறலாம். இவ்வழக்கில் சாமர்செட்டின் சாட்சியமே இன்றியமையாதது. நட்பு காரணமாக அவர் சாட்சியம் மறுக்க இயலாது.

சீருடையின் சுமை

மாநில நீதிமன்றத்தில் ஜூரிகள் இரக்கத்தால் மில்ஸை விடுவித்தால், அத்தீர்ப்பை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்ய முடியாது. ஆயினும் கூட்டரசு தனியே வழக்குத் தொடரலாம். அரசு அதிகாரத்தின் பெயரால் ஒருவரின் உரிமையைப் பறிப்பது கூட்டரசுக் குற்றம். மரணம் விளைந்தால் ஆயுள் சிறையோ மரண தண்டனையோ விதிக்க இடமுண்டு. இதற்கு முன்னோடி ஸ்க்ரூஸ் வழக்கு (1945). ஜார்ஜியா மாநில ஷெரிஃப் ஒருவர், விலங்கிடப்பட்டிருந்த கறுப்பினக் கைதி ஒருவரை அடித்துக் கொன்றார். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதும் அதிகாரத்தின் பெயரால் நிகழும் செயலே என உச்ச நீதிமன்றம் கருதியது. ஆனால் குறித்த உரிமையைப் பறிக்கும் நோக்கம் மெய்ப்பிக்கப்பட வேண்டுமெனக் கூறித் தண்டனையை நீக்கியது. மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். சினத்தில் சுட்ட மில்ஸிடம் அத்தகைய நோக்கத்தை மெய்ப்பிப்பதும் எளிதன்று.

இவ்விடத்தில் ஒரு சிக்கல் புலனாகிறது. காவலரின் துயரை முன்னிட்டுத் தண்டனையைத் தணிக்கும் சட்டக் கோட்பாடு, காவலில் உள்ளவரின் உயிர்ப்பாதுகாப்பையும் தளர்த்திவிடலாம். டோ பார்வையாளரின் வெறுப்புக்குரியவன். ஸ்க்ரூஸ் வழக்கில் இறந்த கைதி அத்தகையவர் அல்லர். சட்டமோ இருவருக்கும் ஒரே பாதுகாப்பை வழங்கியாக வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால், மில்ஸ் முற்றிலும் விடுவிக்கப்படுவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதும், முதல்நிலைக் கொலைக்கும் போதிய அடிப்படை இல்லை என்பதும், கொலையாகாத மனிதக்கொலையே மிகப் பொருந்தும் என்பதும் பெறப்படுகின்றன. பார்வையாளர் மில்ஸுக்கு அளிக்கும் மன்னிப்பு நியாயப்படுத்தல் ஆகும். சட்டம் அளிப்பதோ பொறுப்பின் தணிப்பு மட்டுமே. முன்னது செயலைச் சரியென்கிறது. பின்னது செயலைத் தவறென்று கூறிக்கொண்டே செய்தவரின் துயரை ஏற்கிறது. டோவின் திட்டம் மில்ஸைக் கொலையாளியாக்குவதில் வெற்றி பெற்றது. கொலைக்குக் காரணமான சினத்தையும் கொல்லப்பட்டவரின் உரிமையையும் ஒருசேர எடைபோடும் விசாரணையோ அத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறது. துப்பறியும் புனைவுகளின் முடிவுகளை ஆராய்வோர் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்வது அப்புனைவுகள் முன்வைக்கும் நீதியின் தன்மையை மதிப்பிட உதவும்.