இரவு 2 மணிக்கு ஒரு மேகி

விடுதியில் தங்கிப் படிக்கும் நம்மில் பலருக்கு இரவு 2 மணி என்பது உறங்கும் நேரம் அன்று; மேகிக்குச் சுடுநீர் வைக்கும் நேரம். இரண்டாம் ஆண்டில் நானும் அப்படித்தான் இருந்தேன். இணைய விளையாட்டுக்கு நடுவே மாமாக் கடையில் ஒரு தே தாரிக், திரும்பி வந்து மீண்டும் கணினி. காலை 8 மணி விரிவுரை தவறும், பசியாறலும் தவறும். தவணை இறுதியில் இரண்டு பாடங்களில் தோற்றேன். அதைவிட, யாரோடும் பேசப் பிடிக்காமல் அறையிலேயே முடங்கிக் கிடந்ததுதான் என்னை அச்சுறுத்தியது. "சாப்பிட்டியாப்பா?" என்று தொலைபேசியில் அம்மா கேட்பார். "சாப்பிட்டேன்மா" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

மாணவர் ஆலோசகரிடம் சென்றபோது அவர் முதலில் இணையத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்? எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்?" என்றார். எனக்குச் சற்று எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான் அந்தக் கேள்வியின் பொருள் விளங்கியது.

சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே உறங்க விட்டனர். பத்து மணி நேரம் படுக்கையில் இருந்த நாட்களோடு ஒப்பிட்டபோது, 'போதும்' என்று மூளைக்கு உணர்த்தும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்திருந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியிருந்தது. அவர்கள் அதிகம் நாடியது இனிப்பு, உப்பு நொறுக்குத்தீனி, மாவுப்பண்டங்கள்! ஆக, நள்ளிரவு மேகிக்கு நாக்கை மட்டும் பழிப்பது நியாயமில்லை. தேநீரிலுள்ள காஃபீனோ பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும். விழிப்பு பசியைத் தருகிறது; பசிக்குப் போன இடத்தில் குடித்த தேநீர் மறுபடி விழிப்பைத் தருகிறது.

உணவை மாற்றினால் மனம் மாறுமா? ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு கொண்ட 67 பேர் பங்கேற்றனர். 12 வாரம் உணவு ஆலோசனை பெற்றவர்களில் சுமார் 32 விழுக்காட்டினர் தேறினர். பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினரே. 2019இல் சிட்னி மெக்குவாரி பல்கலைக்கழகத்தில் 17 முதல் 35 வயதுடைய 76 பேரிடம் செய்த ஆய்வில், மூன்றே வாரத்தில் மாற்றம் தெரிந்தது. மத்தியதரைக்கடல் உணவுமுறை என்றதும் மிரள வேண்டாம். கீரை, பயறு, மீன், பழம், கொட்டைகள் எல்லாம் நம் சந்தையிலும் கிடைப்பவைதாம். ஆனால் இவை சிறிய ஆய்வுகள். தாம் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியும். உணவை நம்பி மருந்தைக் கைவிடச் சொல்லும் அளவுக்கு இவற்றில் ஆதாரமில்லை.

'செரோட்டோனினில் 90 விழுக்காடு குடலில்தான் உருவாகிறது, ஆகவே வாழைப்பழம் தின்றால் மகிழ்ச்சி' என்று ஒரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதி ஏறக்குறைய உண்மை. ஆனால் குடலில் உருவாகும் செரோட்டோனின் மூளைக்குள் நுழைய முடியாது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் விளையாட்டுக் கோளாறு நடைமுறையில் உள்ளது. இணையத்தில் நெடுநேரம் இருப்பது தனி நோயாக அதில் இல்லை. கட்டுப்பாட்டை இழந்து, வாழ்க்கை பாதிக்கப்பட்டு, பொதுவாக ஓராண்டாவது அது நீடிக்க வேண்டும். நான் அந்த எல்லையைத் தொடவில்லை என்றார் ஆலோசகர்.

"விளையாட்டை விடு" என்றிருந்தால் நான் மறுபடி அவரிடம் போயிருக்கவே மாட்டேன். அவர் கேட்டது காலைப் பசியாறல் மட்டும். அறைத்தோழன் ஏழரைக்குக் கதவைத் தட்டுவான், திட்டிக்கொண்டே எழுவேன். இரண்டு தோசை, அல்லது அரைவேக்காட்டு முட்டை. காலையில் எழ வேண்டியிருந்ததால் இரவில் தூக்கம் தானாகவே முன்னே நகர்ந்தது, முதலில் ஒரு மணிக்கு, பின்னர் பன்னிரண்டுக்கு. கணினி மேசையிலேயேதான் இருந்தது. ஆலோசகரையும் அந்த ஆண்டு முழுவதும் பார்த்து வந்தேன். தோற்ற இரண்டு பாடங்களையும் மறுபடி எழுதித் தேறினேன்.

அம்மா இப்போதும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். என்ன சாப்பிட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.