சுவரை முதலில் தொட்டது யார்?

நீச்சலில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்கு இருக்கும் மவுசே தனி. 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே அது உண்டு. குளத்தில் அல்ல, பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய குளிர்ந்த கடலில். ஹங்கேரியின் ஆல்ஃபிரெட் ஹாயோஷ் 1 நிமிடம் 22.2 விநாடியில் வென்றார். 1922இல் ஜானி வைஸ்முல்லர், பின்னாளில் திரையில் டார்ஜானாக வந்தவர், ஒரு நிமிடத்துக்குள் நீந்திக் காட்டினார். 2024இல் பாரிஸில் சீனாவின் பான் ஜான்லே எடுத்துக்கொண்டது 46.40 விநாடிதான்.

50 மீட்டர் குளத்தில் ஒருமுறை போய்த் திரும்பினால் போட்டி முடிந்தது. பின்தங்கியவர் மீள நேரமே இல்லை. அதனால் பல முறை விரல்நுனி அளவில்தான் வெற்றி அமைகிறது. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தக் கேள்வி வெடித்தது. அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் ஏறக்குறைய ஒன்றாகச் சுவரைத் தொட்டார்கள். ஒவ்வொரு தடத்துக்கும் ஸ்டாப்வாட்ச்சோடு மூன்று பேர். லார்சனுக்கு அவை காட்டியது 55.0, 55.1, 55.1. டெவிட்டுக்கு மூன்றுமே 55.2. ஆனால் முதலிடத்தைப் பார்த்த நடுவர் மூவரில் இருவர் டெவிட் என்றார்கள். இரண்டாமிடத்தைப் பார்த்த மூவரில் இருவரும் டெவிட் என்றே சொன்னார்கள்! கடைசியில் தலைமை நடுவர் தங்கத்தை டெவிட்டுக்குக் கொடுத்தார். லார்சனின் நேரத்தையும் 55.2 என்று திருத்தி எழுதினார்கள். அது பெரிய அநீதி என்றே இன்றும் நினைக்கிறேன்.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சுவரிலேயே தொடுபலகை வந்துவிட்டது. அலை அடித்தால் அது சும்மா இருக்கும்; கை அழுத்தினால்தான் கடிகாரம் நிற்கும்.

ஆனால் கருவி தேவைக்கு மேலேயே துல்லியமாகிவிட்டது. 1972 மியூனிக்கில், 400 மீட்டர் தனிநபர் மெட்லியில், விநாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கில் தங்கம் முடிவானது. தூரக் கணக்கில் அது சுமார் 3 மில்லிமீட்டர். தடத்துக்குத் தடம் குளத்தின் நீளமே அதைவிடக் கூடக்குறைய இருக்கலாம். ஆகவே நூறில் ஒரு பங்கோடு கணக்கை நிறுத்தினார்கள். அதிலும் சமமானால் இருவருக்கும் தங்கம். 2000இல் சிட்னியில் 50 மீட்டரில் அந்தோனி எர்வினும் கேரி ஹால் ஜூனியரும் 21.98 விநாடியில் அப்படித்தான் வென்றார்கள். 2016இல் ரியோவில், பெண்கள் 100 மீட்டரில், அமெரிக்காவின் சிமோன் மானுவலும் கனடாவின் 16 வயதுப் பென்னி ஒலெக்ஸியாக்கும் 52.70. அன்று வெள்ளிப் பதக்கம் யாருக்கும் தரப்படவில்லை.