தாய்மொழி இல்லீங்க, தாய்லாந்து மொழி!

பாங்காக்கில் பிள்ளைகளைத் தாய் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். என் மகள் நாலாம் வகுப்பு; வீட்டுப்பாடத்தைத் தாய் எழுத்தில் டைப் பண்ணிக் கொடுக்கணும். நம்ம லேப்டாப்போ சென்னையில் வாங்கியது.

விண்டோஸ் 11-ல் சேர்ப்பது சுலபம். செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன். அங்கே தாய் மொழியைச் சேர்த்தால் கேட்மனீ கீபோர்டும் கூடவே வந்துவிடும். மாற்றுவதற்கு விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும். விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையிலேயே கீபோர்டு தெரியும். 44 மெய்யெழுத்து ஆச்சே, சிலதுக்கு ஷிஃப்ட் வேண்டும்.

நமக்கு இடறுவது வேறு இடம். கணினியில் 'கே' அடிக்க முதலில் க, பிறகுதான் ஏ. கொம்பு தானாக முன்னால் போய் நின்றுகொள்ளும். தாயில் ஏகாரக் குறியைத்தான் முதலில் அடிக்கணும், கையால் எழுதுகிற அதே வரிசை. பழைய தமிழ் டைப்ரைட்டரும் இப்படித்தான். அதில் லோயர் பாஸ் பண்ணிய என் மாமனாருக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. தாயில் ஒரு வார்த்தை பேசத் தெரியாது, பேத்திக்கு டைப்பிங் வாத்தியார் அவர்தான்!

இன்னொன்று. தாயில் வார்த்தைக்கு வார்த்தை இடம் விட மாட்டார்கள். "ஸ்பேஸ் எங்கே?" என்று பிள்ளையைத் திட்டாதீங்க.