பறங்கிப்புண்ணும் பறங்கிப்பட்டையும்



நாட்டு மருந்துக் கடைகளில் பறங்கிப்பட்டை என்றொரு சரக்கு விற்பதை உங்களுள் சிலர் கண்டிருக்கலாம். பட்டை என்று பெயர் பெற்றிருப்பினும் அது மரப்பட்டை அன்று. சீன நாட்டில் வளரும் ஒருவகைக் கொடியின் கிழங்கு. வடநாட்டார் அதனைச் சோப்சீனி என்பர். சீனத்துக் கிழங்கு தமிழில் பறங்கியின் பெயரைச் சுமப்பானேன்? பறங்கியர் காலத்தில் கப்பலேறி வந்தது. பறங்கிப்புண் என்னும் நோய்க்கு மருந்தாக வழங்கியது. ஆகவே அப்பெயர் அதற்குப் பொருந்திவிட்டது. இந்த நோயையும், இதனைப் போல் உடலுறவின் வழியே பரவும் பிற நோய்களையும் நம் பழைய மருத்துவம் எவ்வாறு எதிர்கொண்டது, அதில் இன்றும் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

நம் முன்னோர் தொற்றுநோயை அறியாதவர் அல்லர். உடலோடு உடல் படுதல், கூடுதல், மூச்சுக்காற்று, உடனுண்ணல், ஒரே படுக்கையிலும் ஆசனத்திலும் இருத்தல், ஒருவர் உடுத்ததை மற்றொருவர் உடுத்தல் ஆகியவற்றால் சில நோய்கள் ஒருவரிடமிருந்து மற்றொருவரைப் பற்றும் என்று சுசுருத சம்ஹிதை எடுத்துரைக்கிறது. பிறப்புறுப்பில் தோன்றும் புண்களை உபதம்சம் என்று பெயரிட்டு அந்நூல் தனியே ஆராய்கிறது. எனினும் பறங்கிப்புண் பழைய நூல்களில் தனி நோயாகப் பேசப்படவில்லை. அது பின்னர் வந்தது.

1495இல் பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்லஸின் படை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைப் பிடித்த வேளையில் இந்நோய் ஐரோப்பாவில் கொள்ளை நோய்போல் வெடித்தது. இத்தாலியர் இதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். ருஷியர் போலந்து நோய் என்றனர். 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக் கரையில் இறங்கினார். அந்நூற்றாண்டை அடுத்து வந்த பதினாறாம் நூற்றாண்டிலேயே பாவமிசிரர் என்னும் மருத்துவப் பேரறிஞர் தம் பாவப்பிரகாசம் என்ற நூலில் இந்நோய்க்குப் பிரங்க ரோகம் என்று பெயரிட்டு விரித்துரைத்தார். பிரங்கம், பறங்கி ஆகிய இரண்டும் பிராங்கு என்னும் ஐரோப்பிய இனப் பெயரின் திரிபுகளே. பிரான்சு என்னும் நாட்டுப் பெயரும் அதே வேரினின்று வந்ததுதான். எங்கள் திருமலைராயன்பட்டினம் உள்ளிட்ட காரைக்கால் பகுதி 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த மண். ஆகவே இச்சொல் ஆராய்ச்சி எனக்குச் சிறிது நகைப்பையும் தருவதுண்டு. ஆயின், நோயைப் பிறர் தலையில் சுமத்தும் வழக்கம் எந்நாட்டார்க்கும் பொதுவானது என்பதே இதனால் பெறப்படும் உண்மை.

பாவமிசிரர் இந்நோயைப் புறத்தே தோன்றுவது, அகத்தே பரவுவது, இரண்டும் கலந்தது என மூவகையாகப் பிரித்தார். உடல் மெலிதல், மூக்கு சிதைதல், எலும்பு கெடுதல் ஆகியவற்றை இதன் கேடுகளாகக் கூறினார். இன்றைய மருத்துவர் படித்தாலும் வியக்கத்தக்க கூர்ந்த நோக்கு இது. புதிதாக வந்த நோயைப் பழைய நூலில் இல்லை என்று ஒதுக்காமல், கண்டதைக் கண்டவாறு எழுதிய அந்த நேர்மையை நாம் போற்ற வேண்டும். அவர் கூறிய மருந்துகள் பாதரசக் கலவையும் சோப்சீனியுமாம். 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்தா என்னும் போர்த்துகீசிய மருத்துவரின் நூலும் இச்சீனக் கிழங்கைப் பேசுகிறது. ஐரோப்பியரும் நெடுங்காலம் பாதரசத்தையே நம்பினர். நோயாளியின் வாயில் உமிழ்நீர் பெருகுவதை நோய் வெளியேறுவதன் அடையாளம் என்று கருதினர். அது பாதரச நஞ்சின் அடையாளம் என்பதை நாம் இன்று அறிவோம்.

இங்கே ஒரு வினா எழும். இம்மருந்துகளால் நோய் தீரவில்லையெனில், நானூறு ஆண்டுகள் மக்கள் அவற்றை நம்பியது எதனால்? விடை மருந்தில் இல்லை; நோயின் இயல்பில் இருக்கிறது. பறங்கிப்புண் முதலில் வலியற்ற ஒரு புண்ணாகத் தோன்றும். மூன்று முதல் ஆறு வாரங்களில், மருந்து இட்டாலும் இடாவிட்டாலும், அது தானே ஆறிவிடும். சில வாரங்கள் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடத் தடிப்புகள் தோன்றும். அவையும் தாமே மறையும். அதன்பின் நோய் பல்லாண்டுகள் உடலுக்குள் உறங்கும். சிகிச்சை பெறாதவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு, பத்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும், இதயம், நரம்பு, மூளை ஆகியவற்றை அது தாக்கக்கூடும். இடையில் எவர் எதைக் கொடுத்திருந்தாலும் புண் ஆறிய பெருமை அவருக்கே சேரும். லேகியக்காரனின் புகழுக்கு அடிப்படை இதுவே.

இதனை நான் நூலில் மட்டும் கற்கவில்லை. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் வெளியூரில் வேலை பார்த்தான். அங்கே இந்நோய் அவனைப் பற்றியது. வெட்கத்தால் மருத்துவமனைக்குச் செல்லாமல், பேருந்து நிலையத்தருகே மேகரோக லேகியம் விற்ற ஒருவனிடம் பெரும்பணம் கொடுத்து ஒரு மண்டலம் உண்டான். புண் ஆறியது. குணமாயிற்று என்று நம்பி மணம் புரிந்தான். முதற்குழந்தை இறந்தே பிறந்தது. அப்போது செய்த இரத்தப் பரிசோதனையில்தான் கணவன் மனைவி இருவரிடமும் நோய் இருப்பது தெரிந்தது. இருவருக்கும் பெனிசிலின் ஊசி போடப்பட்டது. இரண்டாவது மகவு நலமுடன் பிறந்தது. அக்குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வந்த நாளில் அவன் என்னிடம் இதனைக் கூறினான். "ஐயா, இதைப் பற்றி எனக்கு யாருமே ஒரு வார்த்தை சொன்னதில்லை" என்றான். அச்சொல் என்னைச் சுட்டது. பாடநூலில் இனப்பெருக்க உறுப்புகள் பற்றிய பாடம் வந்தபோதெல்லாம், "இதனை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிய ஆசிரியன் நானே. அந்தக் கடனைத் தீர்க்கவே இன்று பேசுகிறேன்.

1905இல் ஷௌடின், ஹாஃப்மன் என்னும் ஜெர்மானியர் இருவர் பறங்கிப்புண்ணின் கிருமியைக் கண்டனர். திருகுபோல் சுருண்ட நுண்ணுயிர் அது. அடுத்த ஆண்டே வாசர்மன் இரத்தப் பரிசோதனை முறையை வகுத்தார். 1943இல் அமெரிக்க மருத்துவர் மஹோனி பெனிசிலினால் இந்நோய் தீரும் என்று காட்டினார். தொடக்க நிலையில் உள்ளவர்க்கு 24 லட்சம் யூனிட் அளவுள்ள பென்சதைன் பெனிசிலின் ஊசி ஒருமுறை போட்டாலே போதுமானது. நானூறு ஆண்டுகள் பாதரசம் செய்யாததை ஓர் ஊசி செய்கிறது. வெட்டை நோயின் கிருமியை 1879இல் நெய்சர் கண்டறிந்தார். அது பல மருந்துகளுக்கு அடங்காமல் வளர்ந்துவருவதால், கடையில் மாத்திரை கேட்டு வாங்கி விழுங்குவது லேகியத்தை நம்புவதற்கு இளைத்த தவறன்று.

எய்ட்ஸ் நோயின் வரலாறும் நமக்கு ஒரு பாடம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வினால் அக்கிருமி இந்தியாவில் இருப்பது முதன்முதல் வெளிப்பட்டது. 1990களில், கிருமியை அடக்கும் மருந்துகள் ஏழைகட்கு எட்டாதிருந்த காலத்தில், தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையில் ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகிய சித்த மருந்துகள் நோயாளர்க்கு வழங்கப்பட்டன. கைவிடப்பட்டோர்க்கு அது ஆறுதலாயிற்று. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு கிருமியடக்கு மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது; தொடங்கிய மையங்களுள் தாம்பரமும் ஒன்று. அம்மருந்தை நாள்தோறும் தவறாது உண்டு, இரத்தத்தில் கிருமி காணவியலாத அளவுக்குக் குறைந்த நிலையைத் தொடர்ந்து காப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே அது பிறரைப் பற்றுவதில்லை.

அவ்வாறாயின் ஆயுர்வேதத்தினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? வருமுன் காக்கும் அறிவே அது. உணவு, உறக்கம், பிரமசரியம் ஆகிய மூன்றும் உடலைத் தாங்கும் துணைத்தூண்கள் என்பது சரகர் கொள்கை. அறிந்தும் தவறிழைப்பதைப் பிரக்ஞாபராதம், அதாவது அறிவின் பிழை என்று பெயரிட்டு, நோய்களின் மூலங்களுள் ஒன்றாக அவர் வைத்தார். இந்த அறிவுக்கு இன்றைய அறிவையும் சேர்த்துக்கொள்க. தன்னடக்கமும் துணைவர் இருவரின் உண்மையும் முதற்காப்பு. ஆணுறை இரண்டாம் காப்பு. கல்லீரல் அழற்சி பி, கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான வைரசு ஆகியவற்றுக்குத் தடுப்பூசிகள் உள்ளன. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணும் தொடக்கத்திலேயே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும். திரிபலைக் கஷாயத்தால் புண்ணைக் கழுவச் சொன்னது தூய்மைக்கு உதவியிருக்கும். ஆயின் இரத்தத்தில் ஏறிய கிருமியை எக்கஷாயமும் கழுவாது. பட்டம் பெற்ற ஆயுர்வேத, சித்த மருத்துவர்களிடம் உடல் தேற்றும் மருந்து பெறலாம். அது பெனிசிலினுக்கு ஈடாகாது.

ஐயம் தோன்றினால் என் செய்வது? அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவும், நம்பிக்கை மையம் என்று தமிழ்நாட்டில் வழங்கும் பரிசோதனை நிலையமும் உள்ளன, கட்டணம் இல்லை. 1097 என்னும் எண்ணில் தொலைபேசியிலும் விளக்கம் பெறலாம். எச்.ஐ.வி. உள்ளவரின் செய்தியை வெளியிடாமல் காப்பதை 2017ஆம் ஆண்டின் சட்டம் கடமையாக்கியிருக்கிறது. நோயுற்றவர் தம் துணைவரையும் உடனழைத்துச் செல்லுதல் கடமை. இருவருள் ஒருவர் மட்டும் குணமடைந்து பயனில்லை.

வள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அங்கே மருத்துவனுக்கு முதலில் அவர் இட்ட பணி, நோய் இன்னதென்று தெளிதலும் அதன் காரணத்தைத் தெளிதலுமே. அத்தெளிவுக்குப் பெரும்பகை வெட்கம். நோயை ஊராருக்கு மறைக்கலாம். மருத்துவருக்கு மறைத்தல் ஆகாது. என் மாணவனுக்கு நான் உரிய காலத்தில் சொல்லத் தவறியதை உங்களுக்குச் சொல்லிவிட்டேன். நீங்கள் உங்கள் நண்பர்க்குச் சொல்லுங்கள்.