பள்ளத்தாக்கின் வரவுசெலவு

துர்காபூரிலும் தன்பாத் வட்டாரத்திலும் வாழும் தமிழ் நேயர்களுக்குத் தாமோதர் நதி புதியதன்று. ஆனால் அந்நதிப் பள்ளத்தாக்கைப் பொதுப் பணத்தைக் கொண்டு வளர்ப்பதற்கு வகுக்கப்பட்ட கணக்கை நம்மில் சிலரே அறிவோம்.

சோட்டா நாகபுரி மலைகளில் பிறந்து வங்கச் சமவெளியில் இறங்கும் இந்நதியை ‘வங்கத்தின் துயரம்’ என்பர். 1943-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அது கரையை உடைத்துப் பாய்ந்தபோது, ரயில் பாதையும் கிராண்ட் டிரங்க் சாலையும் துண்டிக்கப்பட்டன. போர்க்காலமாதலின் அரசாங்கம் விழித்துக்கொண்டது. விஞ்ஞானி மேகநாத் சாஹாவும் இடம்பெற்றிருந்த விசாரணைக் குழு, அமெரிக்காவின் டென்னஸிப் பள்ளத்தாக்கு ஆணையத்தைப் போன்ற ஓர் அமைப்பு வேண்டுமென்று கூறிற்று. அவ்வாறே 1948-இல், அரசியல் நிர்ணய சபை இயற்றிய சட்டத்தின்படி, தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷன் தோன்றியது.

அன்று பணம் தர வேண்டியிருந்தவை மத்திய அரசு, பீகார், மேற்கு வங்கம் ஆகிய மூன்று அரசுகள். ஆயினும் ஓர் அணை ஒரே சமயத்தில் வெள்ளத்தைத் தடுக்கிறது, வயலுக்கு நீர் தருகிறது, மின்சாரமும் அளிக்கிறது. அதன் செலவை எவ்வாறு பிரிப்பது? முதலில் செலவை இம்மூன்று நோக்கங்களுக்கும் பங்கிடுமாறு சட்டம் விதித்தது. மின்சாரத்தின் பங்கை மூன்று அரசுகளும் சமமாக ஏற்றன. பாசனத்தின் பங்கு இரு மாநிலங்களையும் சேர்ந்தது. வெள்ளத் தடுப்பில் 14 கோடி ரூபாய் வரை மத்திய அரசும் மேற்கு வங்கமும் சரிபாதி ஏற்கும். அதற்கு மேற்பட்டது முழுவதும் மேற்கு வங்கத்தின் பொறுப்பு. பயன் பெறுவோர் பணம் தருக என்பதே இதன் நியாயம்.

திலையா அணை 1953-இலும், கோனார் 1955-இலும், மைதான் 1957-இலும், பாஞ்சேத் 1959-இலும் எழுந்தன. முதலில் எண்ணிய அணைகள் இவற்றினும் மிகுதி. கார்ப்பரேஷன் கட்டியவை இந்நான்கே.

இக்கணக்கில் ஒரு பக்கம் சரியாக எழுதப்படவில்லை. நீரில் மூழ்கிய நிலம் பெரும்பாலும் அந்நாளைய பீகாரைச் சேர்ந்தது. வெள்ளக் காப்போ வங்கத்துக்கு. சந்தால் முதலிய ஆதிவாசிக் குடும்பங்கள் பல தம் ஊர்களை விட்டு வெளியேறின. அவர்களுடைய கோரிக்கைகள் பல பத்தாண்டுகள் நீடித்தன. நிலம் முழுவதும் கையகப்படுத்தப்படாமையால், மைதானிலும் பாஞ்சேத்திலும் வகுத்த உயரம் வரை வெள்ளநீரைத் தேக்க இயலாது போயிற்று. வண்டலும் கொள்ளளவைக் குறைத்தது. பெருமழைக் காலத்தில் நீரை முன்னதாகவே திறந்துவிட நேர்கிறது. கீழ்வங்கத்தின் தாழ்நிலங்கள் இன்றும் நீரில் மூழ்குகின்றன. மேலே இழந்தவனுக்குத் தீர்க்காத கடன், கீழே பயன் பெற வேண்டியவனுடைய வாசலுக்கே வந்து நின்றது.

இருப்பினும் முயற்சி வீணானதென்று நாம் கூறோம். வயல்கள் பாசனம் பெற்றன. ஆலைகளுக்கு மின்சாரம் கிடைத்தது. பிழைப்பை நாடி அந்த ஆலை நகரங்களுக்கு வந்த தமிழர்களும் இதன் பயனை நுகர்ந்தவர்களே. ஆதலால் நாம் வாழும் வட்டாரத்துக்குப் புதிய திட்டமொன்று அறிவிக்கப்படும்போது, எத்தனை கோடி என்று மட்டும் கேட்பது போதாது. யார் தருகிறார்கள், யார் பெறுகிறார்கள் என்பதோடு, யார் இழக்கிறார்கள் என்பதையும் கேட்போமாக. இம்மூன்றாம் கேள்விக்கு முதலிலேயே விடை எழுதிய திட்டமே நிலைத்து நிற்கும்.